நம்

"சாமி, எனக்கு மனசு இருக்கா இல்லையா?"

மடத்து வாசலில் வந்து உட்கார்ந்ததும் அருமைநாதன் கேட்ட கேள்வி இது. ஊரில் இங்கிலீஷ் வாத்தியார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

மடத்துச் சாமியார் குருசாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"இல்லேன்னு யார் சொன்னது?"

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலை சாமி. ஊரே அழுதது, நான் சும்மா நின்னேன். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை இருக்கு. நம்."

"நம்மா?"

"மரத்துப்போறது. கடைசியில ஒரு 'பி' வரும். எழுதணும், ஆனா சொல்லக் கூடாது. பல்லு பிடுங்க ஊசி போட்டா உதடு நம். ரொம்ப நேரம் மடிச்சு உட்கார்ந்தா கால் நம். துக்கம் தாங்கலேன்னா மனசுக்கும் சொல்லலாம்."

துக்கத்தைச் சொல்ல வந்தவன் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். வாத்தியார் புத்தி எங்கே போகும்.

"நல்ல வார்த்தை," என்றார் குருசாமி. "யார்கிட்டேயாவது சொன்னியா?"

அருமைநாதன் தலை கவிழ்ந்தது. இதை மட்டும் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

"தங்கச்சி வடிவுகிட்ட. சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்ததும், 'வாயைத் திறந்து ஏதாவது பேசுண்ணே'ன்னு கேட்டா. எனக்குத் தமிழே வரலை. 'நம்'னேன். என்னைக் கட்டிப்பிடிச்சு, 'ஆமாண்ணே, நம்ம அப்பாண்ணே'ன்னு கதறிட்டா."

"நீ?"

"கையை விலக்கிவிட்டேன். 'அது இங்கிலீஷ்டி, அர்த்தம் தெரியாம உளறாதே'ன்னேன். இழவு வீட்டுல, அத்தனை பேர் முன்னால. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ளே போயிட்டா."

சொல்லச் சொல்ல அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியவில்லை.

குருசாமி அடுத்த கொத்தை எடுத்தார்.

"அந்தக் கடைசி எழுத்து, சத்தம் வராதுன்னியே. பேசாம எடுத்துப் போட்டுர வேண்டியதுதானே?"

"எடுக்கக் கூடாது சாமி. காதுல விழலேன்னாலும் அது இருக்கும்."

"சரி. அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லு. உன் தங்கச்சி காதுல எப்படி விழுந்ததோ, அப்படிச் சொல்லு."

"நம்," என்றான்.

குருசாமி கீரையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"நம்..."

உதடு துடித்தது.

"நம்ம அப்பா, சாமி."