மூன்றாவது வரி

"இந்தப் பிள்ளைங்களுக்குச் சினிமாப் பாட்டுன்னா தண்ணி பட்ட பாடு டீச்சர். செய்யுள்னா மட்டும் எட்டிக்காய்" என்றாள் இளவேனில்.

ஏழாம் வகுப்புத் தமிழாசிரியை. வேலைக்கு வந்து ஆறு வருஷம்.

கேட்டுக்கொண்டிருந்தவர் தலைமையாசிரியை சூசையம்மாள். முப்பத்து நாலு வருஷமாக இதே புகாரைக் கேட்கிறார். நடிகர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

இளவேனில் ஒரு தாளை மேசையில் வைத்தாள். ஆண்டு விழாவில் ஆடப்போகிற பிள்ளைகளின் பட்டியல். சுகப்பிரியா என்ற பெயர் மட்டும் கோடு போட்டு அடித்திருந்தது.

"எட்டு வரி ஒப்பிக்க வராதவளுக்கு மேடை எதுக்கு? நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அவ நல்லா ஆடுவாளே."

"அதுதான் டீச்சர் வயித்தெரிச்சல்."

சூசையம்மாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டனுப்பினார்.

சுகப்பிரியா வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. ரெண்டு மாதமாக முன்வரிசையில் ஆடிப் பழகியவள், அழாமல் என்ன செய்வாள்.

"நீ ஆடுற பாட்டைப் பாடு" என்றார் சூசையம்மாள்.

பாடினாள். ரெண்டாவது சரணத்தில் அழுகை குறுக்கே வந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை.

இளவேனில் சட்டென்று எடுத்துக்கொடுத்தாள். ராகம்கூடப் பிசகவில்லை. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தையும் பாடி முடித்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

"இப்போ செய்யுள்."

ரெண்டு வரி வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். இளவேனிலைப் பார்த்தாள்.

"எடுத்துக்கொடும்மா" என்றார் சூசையம்மாள்.

இளவேனில் வாயைத் திறந்தாள். முதல் சொல் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

ஆறு வருஷமும் அவள் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். கை தானாக மேசைமேல் இருந்த தமிழ்ப் புத்தகத்துக்குப் போனது.

சூசையம்மாள் புத்தகத்தின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"டீச்சர், அது வந்து..."

"ரெண்டு பேரும் ஒப்பிங்க. பட்டியலை அப்புறம் பார்ப்போம்."

இளவேனிலுக்கு வெட்கத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சுகப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் பக்கத்தில் வந்தாள்.

"பரவால்ல டீச்சர். மொதல்லேர்ந்து சொல்லிப் பாருங்க, வந்துரும்."