எந்த மிஸ்?

“என் பள்ளிக்கூடத்துல ஒருத்தரும் தங்க மாட்டேங்கிறாங்கம்மா” என்றார் தாளாளர் அறவாழி.

பூரணத்தம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலையடிவாரத்து மடத்தில் தனியாக இருக்கும் துறவி அவர். உபதேசம் கேட்டு வருகிறவர்களிடம் பெரும்பாலும் கீரைக்கட்டைத்தான் நீட்டுவார். அறவாழியிடமும் நீட்டினார்.

“யாரு தங்கல?”

“டீச்சருங்கதான். ஜூன்ல சேர்றாங்க, பொங்கலுக்கு ஊருக்குப் போறாங்க, திரும்பி வர்றதில்ல. சம்பளத்தைக் கூட்டினேன். ஸ்டாஃப் ரூமுக்கு ஏசி போட்டேன். இந்தத் தடவை கூண்டோட போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது பத்தாம் வகுப்பு கணக்கு மிஸ் மட்டும்தான். அவங்களும் போயிட்டா பள்ளிக்கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.”

“உங்களுக்கு எப்படிப்பட்ட ஆள் வேணும்?”

அறவாழிக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. “லீவு கேட்கக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. கடைசிவரைக்கும் இங்கேயே கிடக்கணும். அவ்வளவுதாம்மா.”

அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

“கிடைப்பாங்க. போங்க.”

கேட்டது இப்படிச் சட்டென்று கிடைக்கும் என்றால் மனுஷனுக்குக் கொஞ்சமாவது பயம் வர வேண்டாமா? இவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

மறுநாள் காலை பள்ளிக்கூடம் நிசப்தமாக இருந்தது.

டீச்சர் இல்லாத வகுப்புகள் சந்தைக்கடையாக அல்லவா இருக்க வேண்டும்? அறவாழி ஏழாம் வகுப்பில் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். கரும்பலகையில் பாதி வாக்கியம் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் வந்தது.

சாக்பீஸ் தெரிந்தது. கை தெரியவில்லை.

“யாரு பாடம் நடத்துறாங்க?”

முன்வரிசைப் பெண் எழுந்தாள். “மிஸ், சார்.”

“எந்த மிஸ்?”

அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

“மிஸ்தான் சார்.”

எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான். மூன்றாம் வகுப்பிலும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் மட்டும் மனுஷக் குரல் கேட்டது. பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். கணக்கு மிஸ் அவரைப் பார்த்ததும் வாசலுக்கு வந்தார்.

“சார், ஒரு நிமிஷம். ஒரு வாரமா சொல்லணும்னு இருக்கேன். எங்கப்பாவுக்கு...”

“அப்புறம் மிஸ், அப்புறம்” என்று அறவாழி காரை நோக்கி ஓடினார்.

மடத்துப் படியில் அவருக்கு மூச்சு வாங்கியது.

“என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பேயைப் பிடிச்சு அனுப்பி வச்சிருக்கீங்களே.”

“லீவு கேட்டுதா?”

“இல்ல.”

“எதிர்த்துப் பேசுச்சா?”

“வாயே காணோம்.”

“அப்புறம் என்ன குறை?”

அறவாழிக்கு அழுகை வந்துவிட்டது. “காலையிலேர்ந்து ஒரு பிள்ளைகூட தண்ணி குடிக்கணும்னு எழுந்திரிக்கலம்மா. ஒண்ணும் சிரிக்கல. ஒண்ணும் சண்டை போடல. இப்படியே விட்டா அதுங்களும் இதே மாதிரி ஆயிடும். எப்படியாவது விரட்டி விடுங்க.”

“நான் அனுப்பல. அதெல்லாம் முன்னாடியே அங்கதான் இருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, போயிடும்.”

“என்ன பேரு?”

“உங்களை விட்டுப் போனவங்க பேரு.”

அறவாழி வாயைத் திறந்தார். நாலாம் வகுப்பு மிஸ். சயின்ஸ் மிஸ். கண்ணாடி போட்ட ஹிந்தி மிஸ். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டு அழுத யூகேஜி மிஸ். முகமெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. பேர் ஒன்றும் வரவில்லை.

“சேரும்போது பேரு கேட்டிருப்பீங்களே” என்றார் அம்மா.

“கேட்டேன். அன்னைக்கு மட்டும்.”

அம்மா கீரையைத் தண்ணீரில் போட்டு அலசினார்.

“கணக்கு மிஸ்ஸைக் கேட்டா எல்லார் பேரும் சொல்லுவாங்க” என்று அறவாழி எழுந்து ஓடினார்.

கார் வந்து நின்றபோது கணக்கு மிஸ் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். கையில் சாப்பாட்டுப் பை, தோளில் கைப்பை, கக்கத்தில் ஸ்டாஃப் ரூம் நாற்காலியில் போட்டு வைத்திருந்த சின்ன மெத்தை. நாளைக்கு வருகிற யாரும் மெத்தையை எடுத்துக்கொண்டு போவதில்லை.

அவரை நிறுத்த வேண்டும். பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். தினம் காலையில் வணக்கம் சொன்ன முகம், தெருமுனை வரை போய்விட்டது. அறவாழி யோசித்தார். இன்னும் யோசித்தார்.

கணக்கு மிஸ் தெருமுனையில் திரும்பப் போகிறார்.

“மிஸ்!” என்று கத்தினார் அறவாழி.

ஏழாம் வகுப்பிலிருந்து, எட்டிலிருந்து, மாடியிலிருந்து, பூட்டிக் கிடந்த ஸ்டாஃப் ரூமிலிருந்து, எல்லாப் பக்கமிருந்தும் பணிவாகப் பதில் வந்தது.

“சொல்லுங்க சார்.”

தெருவில் போனவர் மட்டும் திரும்பவில்லை.