நூறாவது பாதை

முள்ளிக்காட்டில் மங்கா என்றோர் எருமை இருந்தது. அதற்குச் சொந்தமாக ஒரு குட்டை, ஒரு கன்று. நாள் முழுக்கக் குட்டையில் புரளுவதே அதன் வேலை. ஆகவே தண்ணீர் எப்போதும் சேறுதான்.

கோடை வந்தால் எந்தக் குட்டைக்குப் போகலாம் என்று காட்டு விலங்குகள் கருடனைக் கேட்கும். கருடன் மேலே பறந்து பார்க்கும். எந்தக் குட்டைக்கு ஒற்றையடிப் பாதை அதிகமோ, அதன் பெயரை முதலில் சொல்லும். நடந்து நடந்துதானே பாதை விழும்? பலர் நாடிப் போகும் தண்ணீர் நல்லதாகத்தான் இருக்கும் என்பது அதன் நினைப்பு. குடித்துப் பார்க்கும் வழக்கம் மட்டும் அதற்கு இல்லை.

முதல் பெயர் வாங்கிய குட்டைக்கு யானைக் கூட்டம் வரும். யானை நிற்கும் இடத்தில் கழுதைப்புலி கால் வைக்காது. மங்காவுக்கு வேண்டியது அதுதான். போன கோடையில் ஒரு கன்றைப் பறிகொடுத்த தாய் அது.

மங்கா, நரி நல்லதம்பியைக் கூப்பிட்டது.

"தம்பி, என் குட்டைக்கு ஒரு பாதைகூட இல்லையே! என்ன செய்ய?"

"நீ எழுந்து வெளியே வந்தால் தண்ணீர் தெளியும்," என்றது கரையில் இருந்த தவளை.

"சும்மா இரு! வெயில் கொளுத்துகிறது!" என்றது மங்கா.

நரி சிரித்தது. "பாதைதானே அக்கா! நூறு போட்டுத் தருகிறேன். குட்டையில் இருக்கும் நண்டெல்லாம் எனக்கு!"

நரி பன்றிகளை ஏவியது. அவை மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டே போயின. பாழும் புற்றிலிருந்து ஒரு பாதை, பட்ட மரத்திலிருந்து ஒரு பாதை, ஆளில்லாத பொந்துகளிலிருந்து ஏழெட்டுப் பாதை. அங்கிருந்தெல்லாம் யார் வரப்போகிறார்கள் என்று மங்கா கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பது முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரு பாறைக் குகை.

"அங்கே யார் இருக்கிறார்கள் தம்பி?"

"யாராக இருந்தால் என்ன அக்கா? கருடன் குகையையா எண்ணுகிறது? பாதையைத்தானே!"

மறுநாள் கருடன் கூவியது: "மங்காவின் குட்டையே முதல்!"

மங்கா காதை ஆட்டி ஆட்டிப் பூரித்தது. யானைகள் வந்தன. கூட்டத்தின் தலைவி ஒரு வாய் உறிஞ்சியதும் துப்பியது.

"இது தண்ணீரா, கூழா?"

எல்லாம் திரும்பி, பாதை மூன்றே மூன்று உள்ள பழைய ஊற்றுக்குப் போய்விட்டன. கருடனுக்குச் சந்தேகம் வந்தது. கீழே இறங்கிப் பார்த்தால், பாதை நெடுகப் பன்றி மூக்குத் தடம்! "என்னையா ஏமாற்றினாய்?" என்று மங்காவின் பெயரையே நீக்கிவிட்டது.

அன்று மாலை நூறாவது பாதையில் மட்டும் காலடி கேட்டது. வந்தது கழுதைப்புலி.

"என் வாசல்வரை பாதை போட்டு அழைத்திருக்கிறாய். வராமல் இருப்பது மரியாதையா? கன்று சுகமா?"

அப்போதுதான் மங்கா தண்ணீரை விட்டு எழுந்தது. கன்றை முன்னால் தள்ளிக்கொண்டு ஓடியது. நரி எப்போதோ நண்டுகளைத் தின்று தீர்த்துவிட்டுப் போயிருந்தது. ஊற்றங்கரையில் நின்ற யானைகள் விலகி வழிவிட்டன. அதற்குள் கன்றின் பாதி வால் கழுதைப்புலியின் வாய்க்குப் போயிருந்தது. உயிர் தப்பியது.

பத்து நாள் கழித்துத் தவளை ஊற்றுக்கு வந்தது.

"அக்கா, புரள ஆளில்லாமல் உன் குட்டை தெளிந்துவிட்டது! அடியில் கூழாங்கல் தெரிகிறது. தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறதாம்!"

"யார் சொன்னது?"

"கழுதைப்புலிகள்தான்! குடும்பத்தோடு தினமும் வருகின்றன."

ஊரை அழைக்கப் பாதை வெட்டும் முன், வந்தவர் குடிக்கத் தண்ணீரைத் தெளியவிடு.