மன்னர்மேல் வாள் வீசிய மீன்

முத்துவாய்ப் பட்டினத்து அரசர் நெடுஞ்சேந்தருக்கு ஒருநாள் மீன்மேல் கோபம் வந்துவிட்டது.

காற்று வாங்கப் படகில் போயிருந்தார். ஒரு வாள்மீன் சீறிவந்து படகில் முட்டியது. அதன் நீண்ட மூக்கு பலகையைத் துளைத்து முறிந்து நிற்க, மீன் ஓடிவிட்டது. குலுங்கிய குலுங்கலில் அரசர் தொப்பென்று கடலில் விழுந்தார். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் கரையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை!

"அரசன்மேல் வாள் வீசுவது ராஜத்துரோகம்! உயிரோடோ பிணமாகவோ அந்த மீன் நாளைக்குள் வந்தாக வேண்டும். இல்லையென்றால் இனி ஒரு படகும் கடலில் இறங்கக்கூடாது!"

பரதவர் தலைவன் கடலாண்டி, அரசவை விகடகவி சாத்தனிடம் ஓடினான்.

"ஐயா, வலையில விழுந்ததெல்லாம் முழு மூக்கோட இருக்கு. மூக்கறுந்ததுக்கு நான் எங்கே போவேன்? எங்க அடுப்பெல்லாம் அணைஞ்சிடும்!"

சாத்தன் தாடையைத் தடவினான். "முழு மூக்கோடே ஒன்று கொண்டு வா. நல்ல கொழுத்ததாக."

மறுநாள் உச்சிவேளை. சாத்தன் ஒரு மண்சட்டியைச் சுமந்துகொண்டு சபைக்குள் நுழைந்தான். முகத்தில் சிரிப்பு, மனதில் ஒரே கேள்வி: அரசர் சிரிக்காவிட்டால் தன் கதி?

"மன்னா, துரோகி அகப்பட்டான்!"

மூடியைத் திறந்தால் புளியும் மிளகும் மணக்க, மீன் குழம்பு! அரசர் எச்சிலை விழுங்கிக்கொண்டு முறைத்தார்.

"இவன்தான் அவன் என்று எப்படித் தெரியும்?"

"அவன் வாள் தங்கள் படகில் அல்லவா மாட்டிக்கொண்டது? அகப்பையால் துழாவிப் பாருங்கள். உள்ளே வாள் தட்டுப்பட்டால் இவன் நிரபராதி. இப்போதே கடலில் விட்டுவிடுகிறேன்."

அரசர் மெய்யாகவே துழாவினார். துண்டு துண்டாக மீன் வந்தது. வாள் வரவில்லை. பாதித் துழாவலில்தான் அவருக்கு உறைத்தது: வெட்டிக் குழம்பு வைத்த மீனில் வாள் ஏது? சாத்தனை ஒரு பார்வை பார்த்தார். மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா? சாத்தனுக்கு விளங்கவில்லை.

"குற்றம் ருசுவாகிவிட்டது" என்றார் அரசர் விறைப்பாக. "தண்டனையை நானே நிறைவேற்றுகிறேன். யாரங்கே, சோறு கொண்டு வா!"

சபை மூச்சுவிட்டது. அரசர் மூன்று முறை சோறு வாங்கினார். சட்டியை வழித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாத்தா, இந்தத் துரோகிக்குக் கூட்டாளிகள் உண்டா?"

"கடல் நிறைய இருக்கிறார்கள் மன்னா. ஆனால் படகு இறங்கினால்தானே பிடிக்க முடியும்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தபடி தம் கணையாழியைக் கழற்றிச் சாத்தனிடம் எறிந்தார். மறுநாள் விடியலில் படகுகளெல்லாம் கடலில் இறங்கின.