ஒரே அறை, இரண்டு ஆபரேட்டர்கள்

கதையை நான் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்கள் பாடு.

சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து "நம்பர் ப்ளீஸ்" சொன்னவர்கள் நாகரத்தினமும் ஸ்டெல்லாவும். இருவருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. எக்ஸ்சேஞ்சின் ஓய்வறையில் இருந்தது ஒரே கட்டில். இரவு ஷிப்டில் ஒருத்தி போர்டைப் பார்த்தால் மற்றவள் படுப்பாள். இருவரும் ஒன்றாகப் படுத்த நாளே கிடையாது.

ஓய்வு பெற்றதும் சேர்ந்து ஒரு ஃப்ளாட் வாங்கினார்கள். முதுமைக்கும் அதே ஷிப்டு முறையில்தான் திட்டம் போட்டார்கள். ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில், கடைசிவரை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பகுதியில், ஓர் அறைக்கு இருவர் பெயரிலும் முன்பணம் கட்டினார்கள். இனி ஆள் துணை இல்லாமல் முடியாது என்று டாக்டர் யாருக்கு முதலில் சீட்டு எழுதுகிறாரோ அவளுக்கு அந்த அறை. ஒருத்தி அறைக்குப் போய்விட்டால் அப்புறம் ஆள் மாற்ற முடியாது.

"ரெண்டு அறைக்குக் கட்டிடலாமே, அத்தை?" என்று அப்போதே கேட்டாள் சுகந்தி. அவள் நாகரத்தினத்தின் தம்பி மகள்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா படுக்கப் போறோம்? ஒருத்தி படுத்தா இன்னொருத்தி பாத்துக்குவா, கண்ணு" என்று சிரித்தாள் ஸ்டெல்லா.

தங்கள் காலத்துக்குப் பிறகு ஃப்ளாட் சுகந்திக்கு என்று இருவரும் உயில் எழுதிப் பதிவும் செய்தார்கள். சாகக் கிடந்த தம்பியிடம் "உன் மகளுக்கு ஒரு வீடு உண்டு" என்று நாகரத்தினம் வாக்குக் கொடுத்திருந்தாள். கணவனைப் பிரிந்து, மகளோடு அம்மாப்பேட்டையில் வாடகைக்கு இருந்த சுகந்தி, என்றைக்காவது சொந்த வீட்டுக்குப் போவாள் என்றால் அது அந்த ஃப்ளாட்டுக்குத்தான்.

இருபது வருடம் ஓடியது. ஒரு கார்த்திகை மாதக் காலையில் ஸ்டெல்லா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எழுபத்தெட்டு வயதில் இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமைக்குள் ஆளைக் கூட்டிவரச் சுகந்தியிடம் சொன்னார் இல்லத்து மேனேஜர். "பக்கத்து அறையும் காலிதாம்மா. ஆனா முன்பணம் இப்போ அன்னிக்கு மாதிரி இல்ல. நாலு மடங்கு" என்றார்.

இல்லத்தில் கட்டிய பணத்தின் ரசீதைத் தேடி ஃப்ளாட்டின் பீரோவைக் குடைந்த சுகந்தி கையில் வேறொரு தாள் அகப்பட்டது. அதுவும் டாக்டர் சீட்டுதான். எட்டு மாதம் பழையது. நாகரத்தினத்தின் பெயரில் இருந்தது. நடுக்குவாதம், குணமாகாது, முழுநேரமும் ஆள் துணை வேண்டும் என்று எழுதியிருந்தது. அத்தை கொஞ்ச நாளாகவே அரை டம்ளர் காப்பிதான் ஊற்றிக்கொள்கிறாள், அதையும் இரண்டு கையாலும் பிடிக்கிறாள் என்பது சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டால் போதும். ஸ்டெல்லாவுக்கு அறை கிடைக்கும். அத்தை எப்படியோ ஓட்டிக்கொள்வாள். ஃப்ளாட்டுக்கு ஒன்றும் ஆகாது. வைத்து, டிராயரை மூடியும்விட்டாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்த அத்தையிடம் அதை நீட்டினாள். "இது என்ன அத்தை?"

நாகரத்தினம் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "காட்டியிருந்தா அறை எனக்குப் போயிருக்கும். அப்புறம் இவளுக்கு யாரு இருக்கா? எனக்காவது நீ இருக்கே."

"பெரிய ரகசியம்!" என்றாள் ஸ்டெல்லா படுத்தபடியே. "எட்டு மாசமா உன் ஜாக்கெட்டுக்குக் கொக்கி மாட்டிவிட்டது யாரு, அக்கா? சுவத்துப் பல்லியா?"

"அப்போ தெரிஞ்சேதான் இருந்தியா?"

ஸ்டெல்லா மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னாள்: "சொன்னா நீ போயிடுவே. எனக்குத் தனியா இருக்கப் பயம். தெரியாத மாதிரியே இருந்துட்டேன். உன் முறையை நான் எடுத்துக்கிட்டேன்க்கா. முதல் சீட்டு உன்னோடது, அறையும் உன்னோடது. நீ போ."

"நான் நடக்கிறேன்டி. நீ புரண்டுகூடப் படுக்க முடியல. என் முறையை நான் விட்டது விட்டதுதான். நீதான் போகணும்."

"ஃப்ளாட்டை வித்துடுங்க" என்றாள் சுகந்தி. "பக்கத்து அறையையும் எடுத்துக்கலாம்."

அதுவரை எதிரும் புதிருமாக இருந்த இருவரும் சேர்ந்துகொண்டு அவள்மேல் பாய்ந்தார்கள்.

"செத்துப்போன உங்கப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றாள் நாகரத்தினம்.

"இத்தனை வருசம் வாடகை கட்டினது பத்தலையா, பைத்தியக்காரி? உன் பொண்ணை நினைச்சுப் பாரு" என்றாள் ஸ்டெல்லா.

"நினைச்சுட்டுத்தான் சொல்றேன், அத்தை" என்றாள் சுகந்தி.

மூன்று பேர் சொன்னதும் அன்பினால்தான் என்று சொல்லி நழுவிவிடாதீர்கள். திங்கட்கிழமை மேனேஜருக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். ஸ்டெல்லா போகட்டும் என்றாள் நாகரத்தினம். அக்கா போகட்டும் என்றாள் ஸ்டெல்லா. வீட்டை விற்று இருவரும் போங்கள் என்றாள் சுகந்தி. இதில் யார் சொன்னது சரி?

விடை: இருவர் சேர்ந்து போட்ட ஏற்பாட்டை ஒருத்தி மட்டும் ரகசியமாக மாற்ற முடியாது. ஆகவே முதல் அறை நாகரத்தினத்துக்குத்தான். அந்த மட்டில் ஸ்டெல்லா சொன்னது சரி. அதற்காக, எட்டு மாதம் வாய்திறக்காத குற்றத்துக்கு, நடக்க முடியாதவள் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டியதில்லை. ஃப்ளாட் இன்னும் அவர்களுடையது. உயில் எழுதியவர்கள் உயிரோடு இருக்கும்வரை அது அவர்கள் கையைக் கட்டாது. குறுக்கே நின்றது தம்பிக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான். அது யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டால் வாக்கும் தீர்ந்தது. அப்படிச் சொல்லும் உரிமை உலகத்தில் சுகந்தி ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் சொன்னதே சரி. கைக்கு வராத சொத்துதானே, அவள் எதை இழந்தாள் என்று கேட்பவர்கள், மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும் வீட்டில் ஒரு வருடம் இருந்து பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.