கருப்பட்டியின் கம்பளி

பூனைக்கு நகத்தை உள்ளே இழுக்கத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. ஆடும் நாயும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், கரட்டு அடிவாரத்தில் ராக்கு என்ற பெண் செம்மறி மேய்த்துவந்தாள். அவள் பட்டியில் கருப்பட்டி என்றொரு கறுப்பு ஆடு இருந்தது. நல்ல மனசு, பொல்லாத கோபம். அது உதைத்தால் ஓநாய்கூட எழுந்திருக்காது.

ஐப்பசி அடைமழையில் கருப்பட்டியின் குட்டி செத்துப்போனது. பால் கட்டிய மடியோடு அது கதறிக்கொண்டு நின்றது. அதே மழையில் ஓடை அடித்துவந்த ஒரு பூனைக்குட்டியை ராக்கு வாரியெடுத்து வந்தாள். துணியைப் பாலில் நனைத்துக் கொடுத்தால் துப்பியது. பொழுது சாய்வதற்குள் வயிற்றில் பால் இறங்காவிட்டால் அது பிழைக்காது.

குட்டி செத்த ஆட்டிடம் வேறு குட்டியைச் சேர்க்க மேய்ப்பவர்களிடம் ஒரு வழி உண்டு. செத்த குட்டியின் தோலை அதன்மேல் போர்த்திவிடுவார்கள். வாசனையை நம்பித் தாய் பால் கொடுத்துவிடும். பூனைக்கு இதை யாரும் செய்ததில்லை. ராக்கு செய்தாள். தோலுக்குள் குட்டி இருந்த இடமே தெரியவில்லை.

கருப்பட்டி முகர்ந்து பார்த்தது. “யாரை ஏமாத்துற ராக்கு? வாசம் என் பிள்ளையோடதுதான். இது என் பிள்ளை இல்ல.”

“ஏமாத்தத்தான் பாத்தேன் தாயி. அதுக்கு அம்மா இல்ல, உனக்குப் பிள்ளை இல்ல. அப்புறம் உன் இஷ்டம்.”

ஆடு விலகிப் போகவில்லை. அது போதும் என்று ராக்கு குட்டியை மடியில் விட்டாள். பசி வேகத்தில் குட்டி முன்னங்கால்களை வைத்து அமுக்க, அத்தனை நகங்களும் மடியில் இறங்கின. கருப்பட்டி அலறிக்கொண்டு காலைத் தூக்கியது.

“நகத்த மடக்குடி!” என்று கத்தினாள் ராக்கு.

நகத்தை மடக்கலாம் என்றே அதுவரை எந்தப் பூனைக்கும் தெரியாது. உயிர்பயத்தில் குட்டி இழுத்த இழுப்பில் நகங்கள் உள்ளே போய்விட்டன. தூக்கிய கால் மெல்லக் கீழே இறங்கியது.

“ம், இப்பக் குடி” என்றது கருப்பட்டி.

குட்டி குடித்தது, பிழைத்தது, வளர்ந்து பட்டியில் ஓர் எலி விடாமல் பிடித்தது. பிறகு கருப்பட்டி வயதாகிச் செத்தபோது, பூனை எலியையும் தொடாமல் பட்டி முழுக்க அதைத் தேடித் திரிந்தது. பார்க்கப் பொறுக்காத ராக்கு, கருப்பட்டியின் மயிரில் நெய்த கம்பளியைக் கொண்டுவந்து விரித்தாள்.

பூனை முகர்ந்தது. ஏறி நின்று, நகத்தை மடக்கி, இரண்டு முன்னங்கால்களாலும் மாற்றி மாற்றி மிதித்தது. கம்பளியின் ஓரத்தை வாயில் கவ்விச் சப்பியது. தொண்டைக்குள் குறுகுறுவென்று சத்தம் கிளம்பியது.

பட்டி நாய் விழுந்து விழுந்து சிரித்தது. “ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பால்குடியா?”

பூனை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. “எங்க அம்மாகிட்ட நான் இருக்கேன். உனக்கென்ன?”

மறுநாள் காலை ராக்குவின் வாசலில் இரண்டு எலிகள் கிடந்தன.

அன்று முதல்தான், தாயை இழந்து மனிதர் கையில் பிழைத்த பூனைகள் எவ்வளவு வளர்ந்தாலும் கம்பளியைக் கண்டால் மிதித்துச் சப்புகின்றன. கம்பளி இல்லாவிட்டால் உங்கள் மடி. மெய்மறந்தால் நகம் கொஞ்சம் குத்தும். மடக்கச் சொல்லுங்கள், காலை மட்டும் தூக்காதீர்கள்.