வாத்தியார் சொன்ன அட்ஜஸ்ட்

கிட்ட நெருங்கி உட்காருங்க, இது நெருங்கி உட்கார்ற கதைதான்.

தொண்டி பஸ்ஸில் நல்ல கூட்டம். கருவாட்டுக் கூடையோடு இருளாயி ஏறினாள், கூடவே நிறைமாத மருமகள். மூணு பேர் சீட்டில் இங்கிலீஷ் வாத்தியார் சதாசிவம் ஒருத்தரே கஞ்சி போட்ட வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். மிச்ச இடத்தில் அவருடைய பைகள் சொகுசாகச் சாய்ந்திருந்தன.

"ஐயா, புள்ளத்தாச்சி நிக்க முடியாம நிக்கிறா. கொஞ்சம் இடம் குடுங்க."

"நின்னு அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லும்மா."

"அப்படின்னா என்னங்கய்யா?"

வாத்தியாருக்குக் குஷி வந்துவிட்டது. "அது இங்கிலீஷ் வார்த்தை. மூலம் லத்தீன். ஒண்ணைக் கொண்டுபோய் இன்னொண்ணுக்குப் பக்கத்துல வைக்கிறதுதான் ஆதி அர்த்தம். புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க."

இருளாயி கூடையை இறக்கி, பைகளுக்கும் அவருக்கும் நடுவில், தொடையை ஒட்டி வைத்தாள். மேலே மூடியிருந்த சாக்கையும் விலக்கினாள். நெத்திலி வாடை ஆளைத் தூக்கியது.

"ஐயையோ, என்னம்மா பண்றே?"

"நீங்க சொன்ன அட்ஜஸ்ட்தாங்கய்யா!"

பஸ்ஸே சிரித்தது. வாத்தியார் மூக்கைப் பொத்திக்கொண்டு, பைகளை வாரிக்கொண்டு டிரைவர் பக்கம் ஓடினார். மருமகள் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

இருளாயி கூடையை மூடிச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள். பிறகு தன் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டி, "வாத்தியாரய்யா, ஏன் நிக்கிறீங்க? வாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று கூப்பிட்டாள்.